ஆறும்வரை நிற்கக் கூடாது

காரில் சுதர்சன் ஒருவன்தான் இருந்தான். கார் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

ஹைதராபாத் நானக்ராம்குடாவில் வெளிவட்டச் சாலையில் ஏறியதுமே டிங், டிங் என்று மணி அடிக்க ஆரம்பித்தது. டாஷ்போர்டில் ஒரு சின்னச் சிவப்பு மனிதன் எரிந்தான். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பவர் பெல்ட் போடவில்லையாம். சுதர்சன் முதலில் லேப்டாப் பையைச் சந்தேகப்பட்டான். மாதாப்பூர் சாஃப்ட்வேர் கம்பெனிகள் அந்தக் காலத்தில் கொடுத்த லேப்டாப்புகள் அம்மிக்கல்லுக்கு ஒன்றுவிட்ட தம்பிகள். பையைத் தூக்கிக் கீழே போட்டான். மணி நிற்கவில்லை. இருக்கையை இடது கையால் தட்டினான், தடவினான், செல்லமாக ஒரு குத்தும் விட்டான். வெறும் தோல். டிங், டிங்.

கடைசியில் நம் ஊரில் கார் வைத்திருக்கிற எல்லோரும் செய்கிற அதே காரியத்தைச் செய்தான். இல்லாத ஆளுக்கு பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டான். க்ளிக். மணி ஓய்ந்தது. சிவப்பு மனிதன் அணைந்தான். சுதர்சன் தன் கெட்டிக்காரத்தனத்தை எண்ணி ஒரு புன்னகைகூடச் செய்துகொண்டான்.

சங்கராந்தி முடிந்த ஞாயிற்றுக்கிழமை, ஐந்தரை மணி. வெயில் மஞ்சளாகச் சாய்ந்துகொண்டிருந்தது. புதிதாகப் போட்ட சாலை, எட்டு லாரிகள் கைகோத்துக்கொண்டு போகலாம், அவ்வளவு அகலம். ஆனால் ஒரு லாரியும் இல்லை. இரண்டு பக்கமும் பூதங்கள் கோலி விளையாடிவிட்டுப் பொறுக்காமல் போன மாதிரி பாறைகள்.

சுதர்சனிடம் அப்போது இரண்டே சொத்துகள் பாக்கி இருந்தன. ஒன்று, பம்பாயிலிருந்து தரகன் மூலம் செகண்ட்ஹாண்டாக வந்த இந்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். இன்னொன்று, மகள் சாஹித்யாவின் ஞாயிற்றுக்கிழமைகள். மனைவி உஷா பிரிந்து போய் ஒரு வருஷம் ஆகிறது. “என்னோட பேசினதவிட அந்தக் காரோட பிரேக்கப் பத்திப் பேசினதுதான் ஜாஸ்தி” என்று அவள் குடும்ப நீதிமன்றத்திலேயே சொன்னாள். பொய்யில்லை. அந்த கார்பன் செராமிக் டிஸ்க்குகளைப் பற்றி அவன் பேச ஆரம்பித்தால், கேட்கிறவருக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்து அதற்குக் காது குத்துகிறவரை பேசுவான். நீதிபதி பார்த்தார். ஞாயிறு சாயங்காலங்களில் மட்டும் குழந்தை அப்பாவோடு இருக்கட்டும், அதுவும் ஒழுங்காக வருகிறாரா என்று பார்த்துக்கொண்டு மேலே முடிவு செய்யலாம் என்றார். அவன் ஏற்கெனவே இரண்டு ஞாயிறுகளைக் கோட்டை விட்டிருந்தான். ஒன்று அமெரிக்காக்காரன் கூப்பிட்டதால், இன்னொன்று கார் ஒர்க்‌ஷாப்பில் இருந்ததால். இன்றும் வராவிட்டால் அடுத்த விசாரணையில் குழந்தையை மறந்துவிட வேண்டியதுதான் என்று அவன் வக்கீலே சொல்லிவிட்டார்.

ஆறரைக்கு கச்சிபௌலி சந்திப்பின் பெட்ரோல் பங்க்கில் உஷா குழந்தையை ஒப்படைக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு. யார் வீட்டுப் படியும் யாரும் மிதிக்க வேண்டாம்.

நல்ல அப்பனாக இருந்தால் ஐந்தரைக்கே போய்க் காத்துக்கொண்டிருப்பான். சுதர்சன் கிடைத்த ஒரு மணி நேரத்தில் புது பிரேக் பேடைப் பழக்கிவிடலாம் என்று புறப்பட்டான்.

மத்தியானம்தான் துரைராஜ் பேடை மாட்டிக் கொடுத்திருந்தார். துரைராஜ் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த தமிழர். ஊரில் உள்ள வெளிநாட்டுக் கார்களெல்லாம் அவர் ஒர்க்‌ஷாப்பில்தான் நாக்கை நீட்டும். அவர் தமிழில் ஹைதராபாத் உருது கலந்திருக்கும்: வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஏன் என்பதற்கு கைக்கு, ஆமாம் என்பதற்கு ஹவ்.

“புது பேடு சார், டிஸ்க்கோட இன்னும் சிநேகம் ஆகல. நூத்தி இருவதுக்கு ஏத்துங்க, அழுத்திப் பிடிச்சு முப்பதுக்கு இறக்குங்க. மறுபடி ஏத்துங்க, இறக்குங்க. பத்துப் பன்னெண்டு வாட்டி. கருகின வாசனை வரும், புகை வரும், பயப்பட நக்கோ. ஆனா நடுவுல நிக்க மட்டும் நக்கோ. எல்லாம் ஆன பிறவு பிரேக்க தொடாமலே ஓட்டி ஆற வுடுங்க.”

“நின்னா?”

“ஹவ், நின்னா என்ன ஆவும்னு பாத்துக்கோங்க.” கழற்றின பழைய பேடைக் காட்டினார். கண்ணாடி மாதிரி பளபளத்தது. “டிஸ்க் மேல இதே ஷேப்ல கருப்பா அச்சு வுழுந்திருந்துச்சு சார். முன்ன வெச்சிருந்தவங்க யாரோ, கொதிக்கக் கொதிக்க மிதிச்சு, மிதிச்ச காலை எடுக்காமலே நின்னிருக்காங்க. ரொம்ப நேரம்.”

“ஏன் எடுக்கல?”

“கைக்குன்னு டிஸ்க் சொல்லுமா? தேச்சு எடுத்துட்டேன், போங்க.”

முதல் தடவை நூற்று இருபதிலிருந்து பிரேக்கை அழுத்தியபோது கார் லேசாக முனகியது. அதில் சுதர்சனுக்கு ஆனந்தம். இரண்டாம் தடவை சக்கரங்களுக்குள்ளிருந்து சருகு அரைபடுகிற சத்தம் எழுந்து தரை வழியாக உள்ளங்காலுக்கு ஏறியது. மூன்றாவதில் வாசனை வந்தது. கோகாபேட்டையின் பாறைகள் ஜன்னலில் விரைந்து, பிறகு திடீரென்று தயங்கி, மறுபடி விரைந்தன. கருகிய பிசினும் சூடான மண்ணும் பழைய இஸ்திரிப் பெட்டியின் கரியும் கலந்த அந்த நெடி ஏசி வழியாக உள்ளே வந்து தொண்டையில் ஒட்டிக்கொண்டது. அதற்கு அடியில், நெடி கொஞ்சம் விலகுகிற நொடிகளில் மட்டும், இன்னொரு வாசனை இருந்தது.

பவுடர். முகத்துக்குப் பூசுகிற பவுடர். யாரோ வெளியே கிளம்புவதற்காகக் குளித்து, உடுத்தி, கழுத்துவரை பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்த மாதிரி.

பழைய பேடின் தூசி என்று சொல்லிக்கொண்டான். பேடின் தூசிக்குப் பவுடர் வாசனை வராது என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவன் ஹைதராபாத்தில் கிடையாது.

நான்காம் தடவை அழுத்தியபோது உடம்பு முன்னால் போய் பெல்ட்டில் முட்டி நெஞ்சிலிருந்து காற்று “ஹ்ம்” என்று வெளியே வந்தது. கொஞ்சம் தாமதமாகப் பக்கத்திலிருந்தும் ஒரு “ஹ்ம்” வந்தது.

எதிரொலி. சின்னக் கார், எதிரொலிக்கும். அப்பா ஜங்ஷன் என்கிற சந்திப்பின் மேம்பாலம் தலைக்கு மேல் நிழலை வீசிவிட்டுப் போனது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு பார்த்தான்.

காலி இருக்கையில் மாட்டின பெல்ட் தளர்ந்து, சாய்மானத்தோடு ஒட்டிக் கிடக்கும். உலகத்தில் உள்ள அத்தனை கார்களிலும் அப்படித்தான். இங்கே அது ஒட்டவில்லை. சாய்மானத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. தோளிலிருந்து இடுப்புக்கு இறங்குகிற மாதிரி, நடுவில் புடைத்து, இழுபட்டு, மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

போன் அடித்தபோது சுதர்சன் தலை கூரையில் இடிக்கிற அளவுக்குத் துள்ளினான். துரைராஜ். குரல் ஸ்பீக்கரில் நிறைந்தது.

“எப்படி சார் போவுது?”

“போவுது.” சுதர்சன் பெல்ட்டைக் கடைக்கண்ணால் பார்த்தான். “துரைராஜ், அந்த இடது சீட்ல, சென்சர் ஏதாவது... எதையாவது கழட்டினீங்களா?”

“பிரேக் வேலைக்கு சீட்ட கைக்கு சார் கழட்டறேன்? அது கிடக்கட்டும், நல்ல ஏற்பாடா செஞ்சீங்க. எண்றதுக்கு ஆள் வெச்சிக்கிட்டீங்க.”

“என்னது?”

“பக்கத்துல எண்றாங்களே. நாலு, நாலுன்னு. அஞ்சாவது எப்போ போடுவீங்கன்னு காத்துக்கிட்டிருக்காங்க போல. மேடம் சமாதானம் ஆயிட்டாங்களா சார்? சந்தோஷம்.”

சுதர்சனுக்குக் காரின் இரைச்சல் மட்டுமே கேட்டது. எவ்வளவு காதைத் தீட்டியும் அது மட்டுமே.

இந்த இடத்தில் அவன் செய்திருக்க வேண்டியது என்ன என்று பச்சைக் குழந்தை சொல்லும். ஓரம் கட்ட வேண்டும், கதவைத் திறக்க வேண்டும், செருப்பு ஒரு பக்கம் தான் ஒரு பக்கம் என்று ஓட வேண்டும். சுதர்சனும் ஓரம் கட்டத்தான் நினைத்தான். கால் பிரேக்குக்குப் போனது. நான்கு சக்கரங்களிலும் புகை சுருள் சுருளாகக் கசிவது கண்ணாடியில் தெரிந்தது. டிஸ்க் கொதிக்கிறது. இப்போது நின்றால் அச்சு விழும். உயிர்ப் பயம் ஒரு தட்டில், டிஸ்க் பயம் ஒரு தட்டில். டிஸ்க் ஜெயித்தது. மனுஷன் பல தினுசு, சுதர்சன் இந்தத் தினுசு.

ஐந்தாவது போட்டான். “ஹ்ம்.”

ஆறாவது. “ஹ்ம்.” இம்முறை சற்று முன்கூட்டியே, தயாராக.

ஹிமாயத்சாகர் ஏரி வலது பக்கம் செப்புத் தகடாகக் கிடந்தது. சூரியன் அதன் விளிம்பைத் தொட்டிருந்தது. வெளிச்சம் சாய்வாக உள்ளே விழுந்து இடது இருக்கையின் தோலைக் காட்டியது. அங்கே இரண்டு பள்ளங்கள். தொடைகள் இரண்டு அழுந்துகிற இடத்தில், அழுந்துகிற ஆழத்தில். அவன் பார்க்கப் பார்க்க ஒரு பள்ளம் ஆழமானது. மற்றது லேசாக நிமிர்ந்தது. உட்கார்ந்து களைத்தவர்கள் ஒரு பக்கம் சாய்ந்துகொள்வார்களே, அந்த மாதிரி. அவன் பக்கம்.

ஏழாவதில் பிரேக் கைவிட்டது. கால் பஞ்சு மூட்டையை மிதித்த மாதிரி இறங்கியது. கார் வேகம் குறையாமல் வழுக்கிக்கொண்டு போனது. புது பேடு பழகும்போது இப்படி ஒரு மயக்கம் வரும், தானே தெளியும் என்று துரைராஜ் சொல்லியிருந்தார். தெளிகிறவரை சுதர்சன் மூச்சு விடவில்லை. ஆனால் காருக்குள் மூச்சுச் சத்தம் கேட்டது. நிதானமாக. பொறுமையாக.

அப்போது உஷா கூப்பிட்டாள்.

“எங்க இருக்கீங்க?”

“ரிங் ரோட்ல. உஷா, இன்னிக்கு வேண்டாம். அவளக் கூட்டிட்டு வராத.”

“தெரியும். இதச் சொல்வீங்கன்னு தெரியும்.” அவள் கத்தவில்லை. கத்துகிற காலமெல்லாம் தாண்டிவிட்டிருந்தாள். “ஆட்டோல ஏறியாச்சு. ஏழு மணிக்கு எனக்கு சாஃப்ட்வேர் ரிலீஸ், ஆபீஸ்ல இருக்கணும். வரலேன்னா வரலேன்னு ஒரு எஸ்எம்எஸ் அனுப்புங்க, எங்க வக்கீலுக்கு அது போதும்.”

“அப்படி இல்ல. கேளு—”

“கொஞ்சம் சத்தமாப் பேசுங்க. பக்கத்துல அந்தப் பொம்பள வாய மூடினாத்தானே நீங்க பேசறது கேக்கும்?”

“இங்க யாரும் இல்ல உஷா.”

“ஓஹோ.”

போன் கை மாறியது. சாஹித்யாவுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். பதில் மட்டும் பள்ளிக்கூடத்துத் தெலுங்கில்தான் வரும். “டாடி! கார் தெச்சாவா? ஃப்ரன்ட் சீட் நாகே!” கார் கொண்டு வந்தியா, முன் சீட் எனக்குத்தான்.

“சாஹிக் கண்ணு, இன்னிக்கு கார் வேண்டாம்டா. போனை அம்மாட்ட குடு.”

“டாடி, ஆ ஆன்ட்டி எவரு?”

“ஆன்ட்டி யாரும் இல்ல.”

“உந்தி கதா! மாட்லாடுதுந்தி.” இருக்காங்களே, பேசறாங்களே. குழந்தை சிரித்தது. பிறகு அந்தக் குரல் அவனை விட்டுவிட்டு வேறு யாரிடமோ மரியாதையாகத் திரும்பியது. “சாஹித்யா... செகண்ட் கிளாஸ்... எஸ் ஆன்ட்டி.” கொஞ்ச நேரம் எதையோ கவனமாகக் கேட்டது. “ஓகே ஆன்ட்டி.”

“என்ன ஓகே? சாஹி! என்ன கேட்டாங்க?”

“ரம்மந்தி, டாடி.” வரச் சொன்னாங்க.

இணைப்பு அறுந்தது.

ஷம்ஷாபாத் வந்தது. ஏர்போர்ட்டுக்கு இறங்குகிற ஒரு விமானம் காரின் கூரையை உரசுவது போலப் போனது. சுதர்சன் பன்னிரண்டாவதையும் போட்டு முடித்திருந்தான். எப்போது போட்டான் என்று அவனுக்கே நினைவில்லை. கால் தானாகப் போட்டது. இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் கியரிலேயே வேகத்தைக் குறைத்து, பாலத்துக்கு அடியில் சுற்றி, திரும்பி கச்சிபௌலிப் பக்கம் ஏறினான்.

இனி ஆற வேண்டும். நிற்காமல், தொடாமல், சும்மா ஓட வேண்டும்.

சூரியன் போய்விட்டது. ஏரி கறுத்தது. கருகிய நெடி கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து, பவுடர் வாசனை மட்டும் மிஞ்சியது. இருக்கைத் தோல் நெறுநெறுவென்றது. பெல்ட் அதன் கூட்டுக்குள்ளிருந்து இரண்டு விரல்கடை நீண்டது. நின்றது. மறுபடி நீண்டது. இடது காதில் வெதுவெதுப்பாகக் காற்று பட்டது. ஏசி அந்தப் பக்கம் இல்லை.

அவன் பார்க்கவில்லை. ரோட்டின் வெள்ளைக் கோடுகளை மட்டும் பார்த்தான். ஒன்று. ஒன்று. ஒன்று.

போகாமலே இருந்துவிடலாம். கச்சிபௌலியில் இறங்காமல் இதே சாலையில் நேராகப் பட்டான்செருவுக்கு விட்டுவிடலாம். ஆனால் போகாவிட்டால் அத்துடன் சரி. சாஹியின் ஞாயிறுகள் முடிந்தன. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழியைப் பயந்த மூளை கண்டுபிடித்துக் கொடுத்தது. காரைத் தள்ளி நிறுத்து. பூட்டு. நடந்து போ. குழந்தையை ஆட்டோவில் ஏற்று. ஐஸ்கிரீம் வாங்கிக் கொடு. கார் அங்கேயே கிடந்து துரு ஏறட்டும்.

நல்ல யோசனை. அந்த யோசனையில் ஒரு ஓட்டையும் அவனுக்குத் தெரியவில்லை.

பங்க்குக்கு முன்னாலேயே, ஒரு கட்டடத்தின் கம்பி வேலி ஓரமாக பிரேக்கை அழுத்தினான். அப்பா! என்ன பிரேக். இந்திரன் தேரை நிறுத்தினாலும் அப்படி நிற்காது. வெண்ணெயில் கத்தி இறங்கி நிற்கிற மாதிரி நின்றது. அந்த நிலைமையிலும் அவன் மனசு ஒரு துளி குளிர்ந்தது என்றால் நம்ப வேண்டும்.

பாய்ந்து இறங்கினான். கதவை அறைந்தான். சாவியை அமுக்கினான். நான்கு விளக்குகளும் கண்ணடித்தன. டக். பூட்டியாகிவிட்டது. கண்ணாடிக்குள் பார்க்காமல் நடந்தான்.

காற்றடிக்கிற மெஷின் பக்கத்தில் உஷா நின்றிருந்தாள். கழுத்தில் ஆபீஸ் அட்டை. சாஹித்யா மஞ்சள் ஃபிராக்கில் ஓடி வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டது. “கார் ஏதி டாடி?”

“கார் ரிப்பேர்டா. நாம ஆட்டோல போலாம். ஐஸ்கிரீம் சாப்பிடலாம்.” அதன் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். சின்னக் கை. வியர்த்த கை. எல்லாம் சரியாகிவிடும்.

“ரிப்பேரா?” என்றாள் உஷா. “அதோ நிக்குதே, பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ள மாதிரி பளபளன்னு. உள்ள யாரு?”

“யாரும் இல்ல.”

“சட்டையில இவ்ளோ பவுடர் வாசன. யாரும் இல்ல!” அவள் உதடு கோணியது. “வெச்சுக்குங்க, நல்லா இருங்க, எனக்கென்ன. ஆனா எம் பொண்ணு வர்ற அன்னிக்குமா? அவகிட்டயே போன்ல பேச விடறீங்க?”

“உஷா, சத்தியமா சொல்றேன். நீ நெனக்கற மாதிரி இல்ல.”

“நீங்க எப்பத்தான் நான் நெனக்கற மாதிரி இருந்தீங்க? அந்த ரெண்டு ஞாயிறும் இவளோடதானா? நான்தான் மக்கு, காரு காருன்னு நம்பிட்டிருந்தேன்.”

ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்ததெல்லாம் அவனுக்கும் தொண்டைக்கு வந்தது. “யாரு மக்கு? ஒரு ஃபோன், ஒரே ஒரு ஃபோன் நீயா பண்ணியிருக்கியா?” கோர்ட்டு, வக்கீல், அவள் அண்ணன் பேசின பேச்சு. பேசுவதற்கு அவனுக்கு ஒரு கை போதவில்லை. இரண்டு கையையும் ஆட்டிப் பேசினான்.

குழந்தையின் கையை எப்போது விட்டான் என்று தெரியவில்லை.

முதலில் சத்தம்தான் கேட்டது. டக். நான்கு விளக்குகள் கண்ணடித்தன. சாவி அவன் பையில் இருந்தது.

திரும்பினான். வேலி ஓரமாக மஞ்சள் ஃபிராக் ஓடியது. காரின் இடது கதவு திறந்திருந்தது. உள்ளே இருப்பவர்கள் பாதி திறந்து பிடித்துக்கொள்வார்களே, அந்த மாதிரி.

“சாஹி! ஏறாதே! சாஹி!”

ஏறியது. கதவு மூடியது. டக்.

ஓடினான். கதவுப் பிடியை இழுத்தான். சாவியை அமுக்கினான், அமுக்கினான், அமுக்கினான். உஷா மூச்சிரைக்க வந்து கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்து உள்ளே பார்த்தாள்.

ஏழு வயசுக் குழந்தை அந்த இருக்கையில் உட்கார்ந்தால் ஜன்னல் விளிம்புக்கு மேல் பாதித் தலைதான் தெரியும். சாஹித்யாவின் தலை கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அது இருக்கையில் உட்காரவில்லை. இருக்கைக்கு ஒரு சாண் மேலே, வசதியாக, காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

“சுதா,” என்றாள் உஷா. ஒரு வருஷத்துக்குப் பிறகு. “அவ எது மேல உக்காந்திருக்கா?”

உள்ளே, சுதர்சன் மாட்டிவிட்ட பெல்ட் எப்போதோ கழன்று சுருண்டிருந்தது; இப்போது தன் கூட்டிலிருந்து மறுபடி கிளம்பியது. மெதுவாக, யாரும் தொடாமல், குழந்தையின் நெஞ்சைச் சுற்றி, அதன் பின்னால் இருந்ததையும் சேர்த்து வளைத்துக்கொண்டு இறங்கியது. க்ளிக்.

சாஹித்யா கண்ணாடி வழியாக இருவருக்கும் டாட்டா காட்டியது. பிறகு எதற்கோ நிமிர்ந்து, சமர்த்தாக, தலையை அசைக்காமல் வைத்துக்கொண்டது.

அதன் பின்னல் தானாக அவிழத் தொடங்கியது. கூந்தல் மூன்று பிரிவாகப் பிரிந்தது. ஒன்றின் மேல் ஒன்று, நிதானமாக, இழுத்து இறுக்கி, மறுபடியும் பின்னப்பட்டுக்கொண்டிருந்தது.